மழலையர் உளநலமும் நம் அறக்கொடையும்

பசித்தார்க்கு அன்னமிடுதலும், கல்லார்க்குக் கல்வி புகட்டுதலும் பேரறம் என்பதை நம் மரபினர்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. ஏழை மாணவர்க்கு நூலும் உடையும் அளித்தல், தேர்வில் முதன்மை பெற்றார்க்குப் பரிசில் வழங்குதல் முதலியன நம் சங்கத்தார் ஆண்டுதோறும் இயற்றிவரும் நற்பணிகளாம். ஆயினும், ஐந்தாண்டு நிரம்பாத குழந்தையின் உள்ளம் நலியாது காத்தலும், அதனை வளர்க்கும் குடும்பத்திற்குத் துணைநிற்றலும் அறமே என்பதை நாம் இன்னும் முற்ற உணர்ந்தோமில்லை. அவ்வறம் எங்குத் தோன்றி எவ்வாறு வளர்ந்தது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுதும்.

நிலைத்த கொடை என்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. சேதராப்பட்டிலிருந்து தெற்கு நோக்கிப் புதுவையைக் கடந்து செல்வார் பாகூரை அடைவர். பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மனது எட்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 877-இல், அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன. நிலைதாங்கி என்னும் தலைவன் வேண்டிக்கொள்ள நிகழ்ந்த இக்கொடையைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. ஒருநாள் விருந்தாக வழங்கி ஒழியாமல், ஆண்டாண்டும் வருவாய் வருமாறு எழுதிவைத்த முன்னோரின் கருத்து போற்றத்தக்கது. எனினும், அதனாற் பயன்பெற்றோர் கற்றுத் தேறும் பருவத்தினரேயன்றித் தொட்டிலிற் கிடக்கும் மகவல்லர்.

வேந்தர் கொடை இவ்வாறாக, எளியோர் கொடைக்கு விருதுநகர் சான்றாகும். அந்நகர நாடார் பெருமக்கள் 1889-ஆம் ஆண்டிற் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வீடுதோறும் உலையிடும்போது எடுத்துவைத்த பிடியரிசியும் அப்பள்ளியைத் தாங்கியது. ஆறாம் வயதளவில் தந்தையை இழந்த காமராசர் அங்குப் பயின்றவரே. கைப்பிடி அரிசியும் நாள்தோறும் சேருமாயின் ஒரு பள்ளியைத் தாங்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி உள்ளத்தின் பொருட்டு எழுந்த கொடையைக் காண்போம். உடலுக்கு நோய் உண்டாதல் போலப் பிள்ளையின் உள்ளத்திற்கும் நோவு உண்டு. இரவில் அலறி எழுதல், உணவை வெறுத்தல், பிற பிள்ளைகளைக் கடித்தல், வாய்பேசாது ஒடுங்கியிருத்தல் ஆகியவை அதன் குறிகளாக அமைதலும் உண்டு. இவற்றைக் கண்டவழி, காற்றுக்கருப்பு என்று வேப்பிலை அடித்தலும், திமிர் என்று பிரம்பெடுத்தலுமே பெரும்பாலும் நம்மவர் செய்துவந்தனர்.

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1909-ஆம் ஆண்டு எதெல் டம்மர் என்னும் செல்வப் பெருமாட்டியார், குற்றஞ் செய்து மன்றத்திற்கு வரும் சிறாரின் உள்ளத்தை ஆராய ஒரு நிலையம் அமைவதற்குப் பொருளுதவினார். அதனை நடத்திய மருத்துவர் வில்லியம் ஹீலி, ஒவ்வொரு சிறுவனையும் தனித்தனியே ஆராய்ந்து, அவன் உடல், அறிவு, வீட்டுநிலை யாவற்றையும் ஒருங்கே எண்ணினார். பின்னர், அன்னா ஹார்க்னஸ் அம்மையார் 1918-இல் நியூயார்க்கில் நிறுவிய காமன்வெல்த் நிதி, 1922 முதல் செயிண்ட் லூயி முதலிய நகரங்களிற் குழந்தை வழிகாட்டு நிலையங்களை மாதிரியாக அமைத்தது. சில காலம் செலவை ஏற்று, பயனைக் கண்ணாரக் காட்டிய பின், அவ்வவ்வூராரே அதனைத் தாங்குமாறு விட்டமை அந்நிதியின் நெறியாகும். இலண்டன் நகரிலும் 1929-இல் அந்நிதியின் துணையால் ஒரு நிலையம் எழுந்தது.

இந்நெறி நம் நாட்டிற்கு வந்த வரலாறு உள்ளத்தை உருக்குவது. பம்பாயில் வாழ்ந்த சர் தோராப்ஜி டாடாவுக்கு மக்கட்பேறு இல்லை. துணைவியார் மெஹர்பாய் 1931-இற் குருதிப் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டே, தாம் மறைவதற்குச் சில திங்கள் முன்னர், தோராப்ஜி தம் செல்வத்தை அறநிதியாக்கினார். மனைவியார் அணிந்த ஜூபிலி வயிரமும் அந்நிதியைச் சேர்ந்தது. அந்நிதியின் பொருளால் 1936-ஆம் ஆண்டு, கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்பாரைத் தலைவராகக் கொண்டு, சமூகப்பணிக் கல்லூரி பம்பாயில் தோன்றியது. அதன் சார்பில் 1937-இல் அமைந்ததே இந்நாட்டின் முதற் குழந்தை வழிகாட்டு நிலையம் என்பர். மான்ஷார்டுக்குப் பின் அக்கல்லூரியின் தலைமையை ஏற்றவர், பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தாராகிய ஜே. எம். குமரப்பா என்னும் தமிழர். அக்கல்லூரி 1944-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. மகவில்லாதார் விட்டுச்சென்ற பொருள் ஊரார் மகவுக்கு மருந்தாயிற்று.

இத்தகைய நிலையத்தில் மூவர் கூடிப் பணிசெய்வர். மனநோய் மருத்துவர் ஒருவர். அறிவும் இயல்பும் அளந்தறியும் உளவியலார் ஒருவர். வீடு சென்று பெற்றோருடன் உரையாடும் சமூகப்பணியாளர் ஒருவர். பிள்ளை விளையாடும்போதே அதன் அச்சத்தையும் ஆசையையும் அறிய முயல்வர். தாயைப் பழிப்பதின்றி அவளது சுமையையும் கேட்டறிவர். பிள்ளையின் நோவைத் தீர்க்க வேண்டின் வீட்டின் நோவையும் தீர்த்தல் வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி.

தமிழகத்திற் காமராசரும் மஞ்சுபாஷிணி அம்மையாரும் 1949-இற் சென்னையிற் பாலமந்திரத்தைத் தொடங்கி, ஆதரவற்ற சிறுமகாரைத் தாயன்போடு வளர்க்க வழிசெய்தனர். பிடியரிசிப் பள்ளியிற் பயின்றவர் கை அப்பணியில் இருந்தமை கருதத்தக்கது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்று, அங்கன்வாடிகள் நாடெங்கும் பெருகின. 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் பிறவும் வெளியிட்ட வரைவு, நல்லுடல், நல்லுணவு, பாதுகாப்பு, தொடக்கக் கல்வி ஆகியவற்றோடு, குழந்தையின் குறிப்பறிந்து பேணும் அன்பையும் ஒன்றாக வைத்து ஐந்து எனத் தொகுத்தது.

இனி நம்மூர்க்கு வருவோம். சேதராப்பட்டிற் கழனி வேலைக்குச் சென்றோர் மக்கள் பலர் இன்று தொழிற்பேட்டையில் முறைவேலை பார்க்கின்றனர். தந்தை இரவு வேலை, தாய் பகல் வேலை; பிள்ளை பாட்டியிடம். சில வீடுகளிற் கூலி வந்த அன்றே சாராயக்கடைக்குச் செல்கின்றது. முன்பு ஒருகால், முதல் வகுப்பிற் சேர்ந்த சிறுவன் ஒருவன் பல திங்களாக ஒரு சொல்லும் பேசாதிருந்தான். யாம் அவனை மந்தன் என்று எண்ணிக் கடிந்தோம். இரவுதோறும் தந்தை தாயை அடிப்பதைக் கண்டு உறங்காது கிடப்பவன் அவன் என்பதைப் பின்னரே அறிந்தோம். அறிந்தபோது குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்துவிட்டது. எழுத்தறிவித்த யாம் அவன் முகத்தைப் படிக்க அறியாதிருந்தோம் என்னும் நாணம் இன்றும் எம்மை விட்டிலது.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு வருவாயில் ஒரு பங்கைச் சிறுமகார் நிதியென வகுத்து, முதலைத் தொடாது வட்டியைச் செலவிடுக. திங்கட்கொருமுறை அங்கன்வாடியில் தாய்மார் கூடிப் பேசவும், அறிந்தாரைக் கொண்டு கேட்டறியவும் ஏற்பாடு செய்க. புதுவை ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்லத் தயங்கும் தாய்க்கு வழிச்செலவும், உடன்செல்ல ஒரு துணையும் நல்குக. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலிமானஸ் என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உதவியின் எண் 14416 என்பதை வீடுதோறும் எழுதி ஒட்டுக. இவற்றிற் குலம் வினவுதல் வேண்டா. அடுத்த வீட்டுப் பிள்ளை அழுதால் நம் பிள்ளையும் உறங்காது.

பரிசில் பெற்ற மாணவன் படத்தை இவ்விதழில் அச்சிடலாம்; அச்சமின்றி உறங்கும் குழந்தைக்கு யார் படம் அச்சிடுவர் என்று சிலர் வினவலாம். உண்மையே, இக்கொடைக்கு விளம்பரம் இல்லை. வேருக்கு விடும் நீரும் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. பத்தாம் வகுப்பிற் பரிசில் கொடுக்கக் காத்திருக்கும் நாம், அதுவரை வந்துசேராது வழியில் உதிர்ந்த பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்தல் கடன். உலையிடும் கை ஒருபிடி எடுத்துவைக்குமாயின் இவ்வறம் நம்மூரில் வேரூன்றும். சங்கத்தார் ஆவன செய்வாராக.