புரொஜெக்டரின் விளக்கு: ஒரு வரலாறு

புரொஜெக்டருக்குள் இருக்கும் ஒளியியல் எளியது. ஒரு விளக்கு, அதன் ஒளியைக் குவிக்கும் வில்லை, அடுத்து ஒரு சிறிய படம், அதைப் பெரிதாக்கித் திரையில் வீழ்த்தும் இன்னொரு வில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே அமைந்துவிட்ட இந்த வரிசை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. மாறிக்கொண்டே வந்தது விளக்குதான். திரையில் படத்தின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. வெளிச்சம் கால் பங்காகிவிடுகிறது. எத்தனை பேர் பார்க்கலாம், அறை எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும், கருவியை யாரால் வைத்துக்கொள்ள முடியும் என்பதையெல்லாம் விளக்கின் வலிமைதான் தீர்மானித்தது.

டச்சு அறிவியலாளர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1659இல் தம் குறிப்பேட்டில் ஓர் எலும்புக்கூட்டைப் பல நிலைகளில் வரைந்து வைத்தார். ஒரு படத்தில் அது தன் தலையையே கழற்றிக் கையில் எடுக்கிறது. மாயவிளக்கு என்று பின்னால் பெயர்பெற்ற கருவிக்காக வரையப்பட்டவை அவை. ஆனால் அந்தக் கருவியைத் தம் சாதனையாகச் சொல்லிக்கொள்ள ஹைகன்ஸ் கூச்சப்பட்டார். பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்காக அவருடைய தந்தை 1662இல் ஒரு விளக்கு கேட்டபோது, வில்லை ஒன்றைக் கழற்றி அதை வேலை செய்யவிடாமல் செய்துவிடும்படி தம்பிக்குக் கடிதம் எழுதினார். சனிக்கோளின் வளையத்தை விளக்கியவருக்கு இது வெறும் வேடிக்கைப் பொருள். கருவியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் புகழ் சேர்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் வால்கென்ஸ்டன். கண்டுபிடிப்பாளர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டவரோ மூன்றாமவர்: அத்தனாசியஸ் கிர்ஷர். அவர் 1671இல் வெளியிட்ட நூற்படத்தில் கண்ணாடிச் சில்லு வில்லைக்கு முன்புறம், தவறான இடத்தில் இருக்கிறது.

அக்காலக் கருவிக்குள் எரிந்தது மெழுகுவர்த்தி அல்லது எண்ணெய் விளக்கு. படம் சிறியது, மங்கலானது. இந்தக் குறையையே முதலாக்கியவர் எத்தியென் காஸ்பார் ராபர்ட்சன். 1790களின் இறுதியில் பாரிசில் பேய்க்காட்சி நடத்திய அவர், கைவிடப்பட்ட ஒரு துறவியர் மடத்தை அதற்குத் தேர்ந்தெடுத்தார். புரொஜெக்டர் சக்கரங்கள்மேல் திரைக்குப் பின்னால் நின்றது. ஒளி ஊடுருவும்படி மெழுகு பூசிய துணியே திரை. கருவி பின்னால் நகர நகர உருவம் வளர்ந்தது. கருவி எங்கே இருக்கிறது என்றே கூட்டத்துக்குத் தெரியாது. மங்கிய ஒளி பேய்களுக்குப் பொருந்தியது. ஆனால் பாடம் நடத்த அது போதாது.

அதற்கு 1820கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுடரைச் சுண்ணாம்புக் கட்டிமேல் செலுத்தினால் கட்டி கண்கூசும் வெண்மையில் ஒளிர்கிறது. தாமஸ் டிரம்மண்ட் இந்த ஒளியை அயர்லாந்து நில அளவையில் தொலைதூர மலைகளுக்கிடையே அடையாளமாகப் பயன்படுத்தினார். பிறகு அது நாடக மேடைக்கும் மாயவிளக்குக்கும் வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் லாங்கன்ஹைம் சகோதரர்கள் 1850இல் கண்ணாடிமேல் ஒளிப்படம் பதிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். வலுவான ஒளியும் உண்மையான படமும் சேர்ந்ததும் பயணச் சொற்பொழிவு, அறிவியல் விரிவுரை, சமயப் பிரசங்கம் எல்லாம் பெரிய மண்டபங்களுக்கு இடம்பெயர்ந்தன. இந்தியாவில் 1890களில் கல்யாண் நகரத்து பட்வர்தன் குடும்பத்தார் கையால் தீட்டிய கண்ணாடிச் சில்லுகளைக் கொண்டு புராணக் கதைகளைத் திரையில் காட்டினர். அவர்களது நிகழ்ச்சிக்கு ‘சாம்பரிக் கரோலிகா’ என்று பெயர்.

லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28இல் பாரிசில் கட்டணம் வாங்கிப் படம் காட்டினர். 1896 ஜூலை 7இல் அதே கருவி பம்பாய் வாட்சன் ஹோட்டலை எட்டியது. அசையும் படம் புதிது. விளக்கு பழைய மாயவிளக்கினுடையதுதான். ஆனால் இப்போது அதன் முன்னால் இருந்தது கண்ணாடி அல்ல, சட்டென்று தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிம். வெப்பத்தைக் குறைக்க லூமியேர் கருவியில் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையே குவிவில்லையாக வைக்கப்பட்டது. 1897 மே 4இல் பாரிசின் ஓர் அறக்கொடைச் சந்தையில் படம் காட்டியபோது 120க்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டனர். அங்கே முதலில் பற்றியது ஃபிலிம் அல்ல. விளக்குக்கு ஊற்றிய ஈதர். இயந்திரத்தைத் தீத்தடுப்புச் சுவர் வைத்த தனி அறையில் அடைக்கும் வழக்கம் இத்தகைய விபத்துகளின் விளைவு. இந்தியாவின் 1918 சினிமாட்டோகிராஃப் சட்டமும் தணிக்கையோடு காட்சியிடத்தின் பாதுகாப்பு உரிமத்தையும் சேர்த்தே பேசியது.

தமிழகத்தில் 1905இல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், துய்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி ஊர் ஊராகப் புறப்பட்டார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். நிரந்தரக் கொட்டகைகளில் ஒளி தந்தது கார்பன் ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து சுடர்விடும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். திரை மங்கினால் பார்வையாளர்கள் ஆபரேட்டரை நோக்கிக் கத்துவதற்குக் காரணம் உண்டு: வெளிச்சம் உண்மையிலேயே அவர் கையில்தான் இருந்தது. கொட்டகையில் இரண்டு புரொஜெக்டர் மாறிமாறி ஓடும். டூரிங் டாக்கீஸில் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. டெண்டுக்குள் பகலை மறைக்க வழியில்லாததால் பொழுது சாய்ந்த பிறகே ஆட்டம். 1950களில் ஜெர்மனியில் செனான் விளக்கு புரொஜெக்டருக்கு வந்த பின் குச்சியைக் கவனிக்கும் வேலை படிப்படியாக ஒழிந்தது.

வீட்டுக்கும் பள்ளிக்கும் வழி திறந்தது கோடாக் 1923இல் கொண்டுவந்த 16 மி.மீ. ஃபிலிம். எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டில் செய்யப்பட்டதால் தனி அறை வேண்டியதில்லை; சாதாரண இழை பல்பு போதும். அலுவலகத்தை மாற்றியதோ ஓவர்ஹெட் புரொஜெக்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவப் பயிற்சியில் பரவிய இக்கருவியில் விளக்கு கீழே, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. தட்டையான ஃப்ரெனல் வில்லை ஒளியைக் குவிக்கிறது. எழுதிவைத்த பெரிய ஷீட் முழுவதும் ஒளி ஊடுருவுவதால் அறை விளக்கை அணைக்காமலே படிக்க முடிந்தது. பேசுபவர் கேட்பவர்களைப் பார்த்து நின்றார், கேட்பவர்கள் குறிப்பெடுத்தனர். இருட்டிலிருந்து புரொஜெக்டர் வெளியே வந்தது இங்கேதான். இந்த வரலாற்றில் இதற்குரிய மதிப்பு அரிதாகவே தரப்படுகிறது.

கணினிப் படமும் முதலில் இதன் முதுகிலேயே ஏறியது. 1980களின் பிற்பகுதியில் ஒளி ஊடுருவும் எல்.சி.டி. பலகையை ஓவர்ஹெட் புரொஜெக்டர்மேல் வைத்துக் காட்டினர். அதற்கு முன் இருந்த மூன்று குழாய் வீடியோ புரொஜெக்டர் கனமானது. சிவப்பு, பச்சை, நீலக் கற்றைகளைத் திரையில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவதே ஒரு நாள் வேலை ஆகலாம். ஷார்ப், எப்சன் நிறுவனங்கள் 1989இல் எல்.சி.டி. புரொஜெக்டரை விற்பனைக்கு விட்டன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய, லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் சாய்ந்து திரும்பும் சில்லு, 1996இல் டி.எல்.பி. புரொஜெக்டராகச் சந்தைக்கு வந்தது. இரண்டையும் மேசைக்குரியவையாக்கியதில் ஃபிலிப்ஸ் 1995இல் அறிமுகப்படுத்திய பாதரச ஆவி விளக்குக்குப் பெரும் பங்கு உண்டு. சுமார் 1 மி.மீ. நீளமே உள்ள சுடர் என்பதால் அதன் ஒளியைச் சிறிய சில்லின்மேல் வீணாகாமல் குவிக்க முடிந்தது. 2010 முதல் லேசரும் எல்.இ.டி.யும் அந்த இடத்தைப் பிடித்து வருகின்றன. அவற்றில் பாதரசம் இல்லை, சில ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை பல்பு மாற்றும் செலவும் இல்லை.

திரையின் கதையும் ஒளிப் பஞ்சத்தின் கதைதான். விளக்கு பலவீனமாக இருந்தபோது அலுமினியப் பூச்சும் கண்ணாடி மணிகளும் ஒளியை நேரெதிரே திருப்பியனுப்பின. நடுவில் அமர்ந்தவருக்குப் பிரகாசம், ஓரத்தில் இருந்தவருக்கு மங்கல். பேசும்படம் வந்ததும் பின்னாலுள்ள ஒலிபெருக்கிக்காகத் திரையில் நுண்துளைகள் இடப்பட்டன. இன்று விளக்கு வலுத்துவிட்டதால் திரை சாம்பல் நிறத்துக்குப் போகிறது. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடத்தில் திரையின் நிறமே கறுப்பாகத் தெரிய வேண்டும். சுவரை ஒட்டி வைக்கும் குறுந்தொலைவு லேசர் புரொஜெக்டருக்கான திரையில் நுண்வரிகள் கீழிருந்து வரும் ஒளியை மட்டும் பார்வையாளர் பக்கம் திருப்பி, கூரை விளக்கின் ஒளியை உறிஞ்சுகின்றன. அத்திரையைச் சாதாரண புரொஜெக்டருக்குப் பயன்படுத்தினால் படம் இருண்டுவிடும்.

வெளிச்சத்தை வீணாக்காமல் காப்பதில் துணைக்கருவியான கூரைத் தாங்கியும் கவனத்துக்குரியது. கருவியைக் கோணலாக மாட்டிவிட்டு, சரிவகமாகும் படத்தை மின்னணு முறையில் நேராக்கினால் சில்லின் ஒரு பகுதி பயன்படாமல் போகிறது. அதனோடு கொஞ்சம் தெளிவும் வெளிச்சமும் போகின்றன. தாங்கியைச் சரியான உயரத்தில், திரைக்கு நேராகப் பொருத்தினால் இந்த இழப்பு இல்லை.