ஆமை ஓட்டிலிருந்து 35 டாலர் பிக் வரை

ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய முக்கோணத் தகடு. மங்கலான பழுப்பு நிறம். தரையில் கிடந்தால் யாரும் குனிந்துகூட எடுக்க மாட்டார்கள். ஆனால் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 35 டாலர்!

2000-களின் இறுதியில் அமெரிக்காவின் டென்னஸி மாநிலம் நாக்ஸ்வில் நகரிலிருந்து ‘புளூசிப்’ என்ற பெயரில் இந்தத் தகடு விற்பனைக்கு வந்தது. மாண்டலின் கம்பியை மீட்டும் ‘பிக்’ இது. அதே சமயம் கடைகளில் சாதாரண பிக் ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு முப்பது மடங்குக்கும் மேலான விலை. அப்படியும் வாங்கினார்கள். கிறிஸ் தீலி போன்ற முன்னணிக் கலைஞரின் பெயரிலேயே ஒரு மாடல் வந்தது.

பிளாஸ்டிக் துண்டுக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் சுமார் 250 வருடம் பின்னால், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குப் போக வேண்டும். வழியில் ஒரு கடல் ஆமையையும் சந்திக்க வேண்டியிருக்கும்.

இறகு போய் ஓடு வந்தது

இன்று உலகம் அறிந்த மாண்டலினின் மூதாதை, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நேப்பிள்ஸில் உருவானது. வினாச்சியா என்ற கைவினைஞர் குடும்பத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நான்கு ஜோடிக் கம்பிகள்; வயலினுக்கு உள்ள அதே சுருதி அமைப்பு. அந்தக் காலத்தில் மேல் சுருதிக் கம்பி குடல் நரம்பால் ஆனது. பறவை இறகின் தண்டைச் சீவி அதனால் மீட்டினார்கள். மென்மையான கம்பிக்கு அது போதுமானதாக இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் அதே குடும்பத்தைச் சேர்ந்த பாஸ்குவாலே வினாச்சியா, மாண்டலினுக்கு எஃகுக் கம்பி பூட்டினார். 1835-ஆம் ஆண்டு என்று சொல்வது வழக்கம். எஃகு வந்ததும் இழுவிசை கூடியது, ஒலியும் கூடியது. ஆனால் இறகால் அந்தக் கம்பிக்கு ஈடுகொடுக்க முடியுமா? விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் கல் மாதிரி இருக்கக் கூடாது. கம்பியில் சிக்காமல் வழுக்கிப் போக வேண்டும். சீக்கிரம் தேயவும் கூடாது. இத்தனையும் ஒன்றாக அமைந்த பொருள், நேப்பிள்ஸ் கைவினைஞர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதுதான் ஆமை ஓடு.

எல்லா ஆமையின் ஓடும் இதற்கு உதவாது. வெப்பக் கடல்களின் பவளப் பாறைகளில் கடற்பஞ்சு தின்று வாழும் அழுங்காமையின் ஓடு மட்டும்தான் கைவினைஞர்களுக்கு வேண்டியது. இந்த ஆமை மன்னார் வளைகுடாவிலும் உண்டு. அதன் முதுகில் 13 பெரிய செதில்கள், வீட்டுக்கு ஓடு வேய்ந்தது போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மனிதனின் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் அதுவும். சூடு காட்டினால் இளகும், நினைத்தபடி வளைக்கலாம், தேய்த்தால் கண்ணாடி போல் பளபளக்கும். இயற்கை செய்து வைத்த பிளாஸ்டிக்!

இதன் வியாபாரம் மாண்டலினை விட மிகவும் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்க வணிகக் கையேடு, முசிறித் துறைமுகத்தில் கிடைத்த ஏற்றுமதிச் சரக்குகளில் மிளகோடும் முத்தோடும் ஆமை ஓட்டையும் சேர்த்துச் சொல்கிறது. ரோமாபுரிக்காரன் கட்டிலை அலங்கரிக்க வாங்கினான். பின்னால் ஐரோப்பா சீப்புக்கும் மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்கும் வாங்கியது. பெரிய துண்டு சீப்பாகும். சின்னத் துண்டு பிக் ஆகும்.

போலி வந்தது, அசலுக்கு மவுசு கூடியது

1880-ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து ஒரு மாணவர் இசைக்குழு நியூயார்க் வந்திறங்கியது. அவர்கள் வாசித்தது மாண்டலின் அல்ல, பந்தூரியா என்ற வேறு வாத்தியம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியவே, அங்கே குடியேறியிருந்த இத்தாலியர்கள் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு அதே பாணியில் குழு அமைத்தார்கள். மாண்டலின் மோகம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. ஊருக்கு ஊர் மாண்டலின் சங்கங்கள். 1902-இல் மிச்சிகன் மாநிலம் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனம் பிறந்ததே இந்த அலையில்தான். வாத்தியம் விற்றால் பிக்கும் விற்க வேண்டும் அல்லவா?

அதற்குள் ஆமை ஓட்டுக்கு ஒரு போட்டியாளர் வந்துவிட்டார். அவர் பெயர் செல்லுலாய்ட். யானைத் தந்தத்தால் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடிய ஜான் வெஸ்லி ஹயாட், 1870 வாக்கில் உருவாக்கிய பிளாஸ்டிக் அது. பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் சேர்த்துப் பிசைந்து செய்வது. ஆமாம், ஆரத்தித் தட்டில் ஏற்றும் அதே கற்பூரம்தான்! மஞ்சளும் பழுப்பும் கலந்து ஊற்றினால் அச்சு அசல் ஆமை ஓடு. இனி யானைக்கும் ஆமைக்கும் விடுதலை என்று தயாரிப்பாளர்கள் விளம்பரமே செய்தார்கள்.

1922-இல் நியூயார்க்கில் லூயிஜி டி’ஆண்ட்ரியா என்பவர், ஆமை ஓட்டு நிறமுள்ள செல்லுலாய்ட் தாள்களையும் வெட்டும் அச்சுகளையும் வைத்து பிக் தயாரிக்கத் தொடங்கினார். அந்தத் தொழில் வளர்ந்து பெரிய நிறுவனமானது. அவர் தன் பட்டியலில் 351 என்று எண் கொடுத்த வடிவத்தைத்தான் இன்றும் கிடார் வாசிப்பவர்கள் ‘351’ என்று கேட்டு வாங்குகிறார்கள். பிக் என்ற பொருள் சில காசுக்குக் கிடைக்கும் சாமானாக மாறியது இவர் காலத்தில்தான்.

வணிகவியல் பாடப்படி அடுத்து நடக்க வேண்டியது என்ன? மலிவான மாற்றுப்பொருள் வந்தால் அசலுக்குத் தேவை குறைய வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. ஊரெல்லாம் போலி புழங்கியதால் அசல் வைத்திருப்பது ஒரு பெருமையாகிவிட்டது. ‘பிரீமியம்’ என்றால் ஆமை ஓடு என்று பொருளானது.

இதற்கு வெறும் பகட்டு மட்டும் காரணம் இல்லை. செல்லுலாய்ட் ஆமை ஓட்டின் நிறத்தைக் காப்பியடித்தது, வேலையைக் காப்பியடிக்கவில்லை. ஜோடி ஜோடியாக இறுக்கிக் கட்டிய எஃகுக் கம்பிகளில் அதன் விளிம்பு சீக்கிரம் தேய்ந்து சொரசொரப்பாகும். ஒவ்வொரு மீட்டலிலும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

இந்தக் குறை அதிகம் உறுத்தியது புளூகிராஸ் இசையில். பில் மன்றோ 1940-களில் 150 டாலர் கொடுத்து, கிப்சன் நிறுவனத்தின் பழைய எஃப்-5 மாண்டலின் ஒன்றை வாங்கினார். 1923-இல் செய்தது, லாயிட் லோர் கையெழுத்திட்டது. அதில் அவர் வாசித்த வேகமும் அழுத்தமும் ஒரு புதிய இசை மரபையே உண்டாக்கின. அவ்வளவு வேகத்தில் வாசிக்கும்போது பிக் கம்பியில் ஒரு நொடி சிக்கினால்கூட ஸ்வரம் தடுமாறும். ஆகவே தேர்ந்த வாசிப்பாளர்கள் ஆமை ஓட்டைக் கையை விட்டு விடவே இல்லை.

கணக்கின் மறுபக்கம்

இந்த வியாபாரத்தின் ஐந்தொகையில் பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2019-இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ ஆய்விதழில் ஒரு மதிப்பீடு வெளியானது. 1844 முதல் 1992 வரை ஓட்டுக்காகக் கொல்லப்பட்ட அழுங்காமைகள் சுமார் 90 லட்சம்! இவற்றில் பெரும்பகுதி சீப்புக்கும் நகைப்பெட்டிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் போனது. பிக் என்பது அந்தக் கடலில் ஒரு துளிதான். ஆனாலும் துளி துளிதானே?

கடைசியில் ஆமையைக் காப்பாற்ற வந்தது சந்தை அல்ல, சட்டம். அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தம் 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. 1977-க்குள் உலகின் எல்லா அழுங்காமைகளும் அதன் கடுமையான முதல் பட்டியலில் இடம்பெற்றன. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை இதற்குக் காவல். ஆமை ஓட்டுக் கைவினைக்குப் பேர்போன ஜப்பான் விதிவிலக்குக் கேட்டு இறக்குமதியைத் தொடர்ந்தது. 1992 இறுதியில் அதுவும் நின்றது. 1996 முதல் அழுங்காமை ‘மிக அபாயத்தில் உள்ள இனம்’ என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது.

அளிப்பு நின்றது. தேவை நிற்கவில்லை. இந்த இடைவெளியில்தான் புதிய பிக்குகள் பிறந்தன.

நிறத்தை விட்டு வேலையைப் பிடித்தார்கள்

1981-இல் ஜிம் டன்லப்பின் நிறுவனம் ‘டார்டெக்ஸ்’ என்ற பிக்கை வெளியிட்டது. ஆமையின் படம் அச்சிட்ட பிக். ஆனால் நிறமோ ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம்! ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு நிறம். ஆமை ஓடு போலத் தெரிய வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிட்டு, அது போல வளைந்து நிமிர வேண்டும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். விலையும் குறைவு.

‘ரெட் பேர்’ என்ற பெயரில் வந்த பிக் வேறு வழியில் போனது. ஆமை ஓடு புரதம் என்றால் பிக்கையும் புரதத்திலேயே செய்தால் என்ன? பாலில் உள்ள கேசினைக் கெட்டிப்படுத்திப் பிளாஸ்டிக் செய்யும் முறை 1890-களிலேயே ஜெர்மனியில் கண்டுபிடித்ததுதான். சட்டைப் பொத்தானுக்குப் பயன்பட்ட அந்த வகைப் பொருள், நூறு வருடம் கழித்து பிக் ஆக மறுபிறவி எடுத்தது. நெதர்லாந்தின் மிஷெல் வேகன் தடித்த பிளாஸ்டிக்கைக் கையால் செதுக்கி விளிம்பைச் சரித்துக் கொடுத்தார்.

பிறகுதான் புளூசிப். தேயக் கூடாத, எண்ணெய் போடாமலே வழுக்க வேண்டிய இயந்திர பாகங்களுக்காக உருவான பாலிஇமைடு வகைப் பிளாஸ்டிக் அதற்கு உதவியது. மூலப்பொருளே விலை உயர்ந்தது. அந்தத் தகடு பார்வைக்கு ஆமை ஓடு போலவே இல்லை. ஆனால் ஆமை ஓடு செய்த வேலையைச் செய்தது: சிக்காமல் வழுக்கியது, ‘டிக்’ சத்தம் குறைந்தது, நெடுநாள் தேயாமல் இருந்தது. நூறு வருடம் ஆமையின் முகமூடி போட்ட பிளாஸ்டிக்கால் முடியாததை, முகமூடி போடாத பிளாஸ்டிக் செய்துகாட்டியது.

எதை வாங்குவது?

முதலில் தடிமன். மாண்டலின் கம்பியின் இழுவிசைக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிக் வளைந்துகொடுத்துவிடும், ஒலி மெலிந்து போகும். அதனால் பெரும்பாலானவர்கள் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை உள்ளதைத்தான் எடுக்கிறார்கள். அடுத்து முனை. கூர் முனை பளிச்சென்ற ஒலி தரும், உருண்ட முனை கனிந்த ஒலி தரும். மூன்றாவது, விளிம்பு வழவழப்பாகச் சரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அசலில் 35 டாலரில் பாதி இந்த விளிம்புக்குத்தான் என்றே சொல்லலாம்.

மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வழியில் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. எட்டுக் கம்பியில் கமகம் எடுப்பது கடினம் என்பதால் அவர் ஐந்து ஒற்றைக் கம்பிகள் உள்ள மின் மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். ஒலியை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும்போது ஓங்கி மீட்டும் தடித்த பிக்குக்கு அவசியம் குறைவு.

விலைக்கு ஒரு சின்னக் கணக்கு. அரை டாலர் பிக்கை வாரம் ஒன்று வீதம் தேய்க்கிறவருக்கு வருடத்துக்கு 26 டாலர் செலவாகும். 35 டாலர் பிக் இரண்டு வருடம் வந்தால் அவருக்கு லாபம்தான். ஆனால் மாதம் ஒன்றுகூடத் தேய்க்காத புது மாணவருக்கு அது வீண் செலவு. அதோடு, உலகத்தில் தேய்ந்து போகும் பிக்கை விடத் தொலைந்து போகும் பிக்தான் அதிகம்!

பழைய ஆமை ஓட்டு பிக் ஒன்று ரகசியமாக விலைக்கு வருகிறதா? வேண்டாம். அது சட்டப்படி குற்றத்தில் கொண்டுபோய் விடும் என்பது ஒரு காரணம். அந்த ஒலிக்காக இனி எந்த ஆமையும் சாக வேண்டியதில்லை என்பது அதை விடப் பெரிய காரணம். வட இந்தியாவில் சரோத் வாசிப்பவர்கள் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து வழவழப்பாக்கி மீட்டுகிறார்கள். தூக்கிப் போடும் சிரட்டையிலும் உயர்ந்த இசை வரும் என்பதற்கு அதை விடச் சாட்சி வேண்டுமா?

ஒரு காலத்தில் ‘பிரீமியம்’ என்றால் அரிதாகக் கிடைப்பது என்று அர்த்தம். ஆமை குறையக் குறைய ஓட்டின் மதிப்பு ஏறியது. 35 டாலர் பிக்கோ எத்தனை வேண்டுமானாலும் செய்யக் கூடிய பொருள். அதற்கு விலை அரிதானதால் அல்ல, உழைப்பதால். மதிப்பு என்ற சொல்லுக்கு இந்த இரண்டாவது அர்த்தம் கிடைக்க 90 லட்சம் ஆமைகள் விலை கொடுத்திருக்கின்றன.