எல்லையில் திறக்கும் உரையாடல்: நியூசிலாந்துச் சுங்கச் சட்டத்தின் 228ஆம் பிரிவை மறுவாசிப்பு செய்தல்

செய்திச் செயலிகள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை ஆராய்ந்தோர் பெரும்பாலும் தடையையே அளவுகோலாகக் கொண்டுள்ளனர். இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்தும், 2022 ஏப்ரல் 3 அன்றும் வாட்ஸ்அப், வைபர் உள்ளிட்டவை முடக்கப்பட்டன. முடக்கும் நாடுகள், முடக்காத நாடுகள் என இரு வரிசை அமைத்து, நியூசிலாந்தைத் தயக்கமின்றி இரண்டாம் வரிசையில் வைப்பது மரபாகிவிட்டது. இப்பகுப்பு பயணியைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து ஆக்லாந்தின் மாங்கெரே விமான நிலையத்தில் இறங்குபவருக்கு எந்தச் செயலியும் மறுக்கப்படுவதில்லை. ஆனால் அவருடைய உரையாடல்கள் 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள சுங்க, கலால் சட்டத்தின் 228ஆம் பிரிவுக்கு உட்படுகின்றன.

அப்பிரிவு இருநிலைச் சோதனையை வகுக்கிறது. குறிப்பிட்ட குற்றங்களில் ஒருவருக்குத் தொடர்பு உண்டெனச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் அதிகாரி அவருடைய கைபேசியில் தொடக்கச் சோதனை நடத்தலாம். சாட்சியம் உள்ளதென நம்ப நியாயமான அடிப்படை இருந்தால் முழுச் சோதனை. இரண்டுக்கும் நீதிமன்ற ஆணை வேண்டியதில்லை. கடவுச்சொல்லைத் தக்க காரணமின்றித் தர மறுப்பவருக்கு 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

இப்பிரிவை ஆதரித்து எழுதியவர்களின் வலுவான சான்று, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சுங்கத் துறை அளித்த உறுதிமொழி. கைபேசி ஃபிளைட் மோடில் வைத்தே ஆராயப்படும், இணையத்தின் வழியே கிளவுடுக்குள் அதிகாரிகள் நுழையமாட்டார்கள் என்பது அது. சாதனத்தில் சேமிக்கப்பட்ட தரவோடு அதிகாரம் நின்றுவிடுவதால் தனிமறைவின் பெரும்பகுதி பாதுகாக்கப்படுகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டினர். மின்னஞ்சலை மனத்தில் வைத்தால் இந்த வாசிப்பு ஓரளவு பொருந்தும். செய்திச் செயலிகளுக்கு அது தலைகீழாகிறது.

காரணம் தொழில்நுட்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பின் செய்திகள் அனைத்தும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. போய்ச் சேர்ந்த செய்தி நிறுவனத்தின் சேவையகத்தில் தங்குவதில்லை. அனுப்பியவர், பெற்றவர் கைபேசிகளிலேயே தங்குகிறது. சிக்னலும் அப்படித்தான். டெலிகிராமில் மட்டும் வழக்கமான உரையாடல்களின் மூலப்பிரதி நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும். ஆக, ஃபிளைட் மோட் என்ற வேலி, பாதுகாப்பைக் கருதி வாட்ஸ்அப்பையோ சிக்னலையோ தேர்ந்தவருக்கே மிகக் குறைவாக உதவுகிறது. இணையத்தைத் துண்டித்த பின்னும் பல ஆண்டுக் குடும்பப் பேச்சு முழுவதும் கையிலுள்ள கருவியில் திறந்தே கிடக்கிறது. ஒட்டுக்கேட்போருக்கு எதிராக எழுப்பிய மறையாக்கமே சேமிப்பைக் கைபேசியில் குவித்து, எல்லை அதிகாரியின் முன் வைக்கிறது.

இன்னொன்றும் கவனிப்புக்கு வராமல் போயிற்று. சோதனைக்கு உள்ளாகும் உரையாடலில் பாதி மற்றவருடையது. மட்டக்களப்பில் இருந்தபடி தன் அச்சங்களை அண்ணனுக்கு எழுதிய தங்கை எந்த எல்லையையும் கடக்கவில்லை. அவர்மீது சந்தேகமும் இல்லை. ஆயினும் அவர் எழுதியவை படிக்கப்படலாம். நியூசிலாந்தின் 1990ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நியாயமற்ற சோதனைக்கு எதிராக உடலுக்கும் உடைமைக்கும் மட்டுமன்றிக் கடிதப் போக்குவரத்துக்கும் பாதுகாப்பளிக்கிறது. ஆக்லாந்தின் கோட்ஸ்வில் மாளிகையில் 2012இல் நடந்த சோதனை தொடர்பான இணையத் தொழிலதிபர் கிம் டாட்காமின் வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணைகளைச் செல்லுபடியாக ஏற்றபோதும், கணினிகளைச் சோதிப்பது தனிமறைவு குறித்துத் தனித்த சிக்கல்களை எழுப்புகிறது என ஒப்புக்கொண்டது. அந்த வழக்கு எல்லைச் சோதனையைப் பற்றியதன்று. எனினும், பயணப்பெட்டியைத் திறப்பதும் கைபேசியைத் திறப்பதும் ஒன்றே என்ற வாதத்துக்கு அதன்பின் இடமில்லை எனக் கருதுகிறேன்.

பயணியின் தொடர்பு அறுவது இங்கேதான். முன்னெச்சரிக்கையுள்ளவர் புறப்படும் முன்பே செயலியை அழித்துவிட்டு, வந்து சேர்ந்தபின் காப்பு நகலிலிருந்து மீட்கலாம். அப்படியானால் இடைநிற்கும் சிங்கப்பூரிலும் தரையிறங்கும் ஆக்லாந்திலும், வீட்டாருக்கு ஒரு சொல் அனுப்ப வேண்டிய நேரத்தில், அவரிடம் செயலி இருக்காது. அழிக்காதவரிடமிருந்து கைபேசி எடுக்கப்பட்டால் விளைவு அதுவே. எந்த அரசும் செயலியை முடக்காமலே முடக்கத்தின் பலன் கிடைத்துவிடுகிறது.

மறுப்புகள் மூன்று. 1996ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் கைபேசிச் சோதனைக்கு எந்த வரம்பும் இல்லை, 2018தான் வரம்பைக் கொண்டுவந்தது என்பது முதலாவது. இது உண்மை, மதிக்கத்தக்கதும்கூட. ஆனால் பழைய சட்டம் கடவுச்சொல்லை அபராதத்தின் பேரில் கேட்கவில்லை. இரண்டாவது எண்ணிக்கை: 2017இல் சுமார் 1.4 கோடிப் பயணிகளில் 537 சாதனங்களே தொடக்கச் சோதனைக்கு உள்ளாயின என்றனர். உரிமையைத் தலை எண்ணி அளப்பதில்லை. இதற்கு மேல் இங்கு விடை தேவையில்லை. மூன்றாவது, போதைப்பொருள் கும்பல்களும் இதே செயலிகளில்தான் பேசுகின்றன என்பது. அவர்களை விசாரிக்க நீதிமன்ற ஆணை பெறும் வழி இருக்கிறது.

சட்ட வாசகமும் செயலிகளின் அமைப்பும் தரும் முடிவு இது. ஒவ்வொரு அதிகாரியின் நடத்தை பற்றியும் இக்கட்டுரை எதுவும் கூறவில்லை. ஆயினும் முடிவு தெளிவானது. சாதனமா கிளவுடா என்ற கோடு செய்திச் செயலிகளின் காலத்தில் வாட்ஸ்அப், சிக்னல் பயனர்களைக் காப்பதில்லை. கோட்டைக் கோப்புகளுக்கும் உரையாடல்களுக்கும் இடையே போட வேண்டும். தொடக்கச் சோதனையில் செய்திச் செயலிகளைத் திறக்கக் கூடாது என்றும், முழுச் சோதனையில் அவற்றைத் திறக்க நீதிபதியின் ஆணை வேண்டும் என்றும் நியூசிலாந்து நாடாளுமன்றம் 228ஆம் பிரிவைத் திருத்த வேண்டும்.