சீலியாக் நோய்: பிள்ளை குளூட்டனைத் தவிர்க்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

தம்பிக்குச் சீலியாக் நோய். வீட்டில் பரோட்டா இல்லை, ரொட்டி இல்லை, மீ கோரெங்கும் இல்லை. "வயிறும் வலிக்கலயே, அப்போ எல்லாம் ஓகேதானே?"

அப்படிச் சொல்லிவிட முடியாது.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலையே தாக்கும். சத்து உடம்பில் சேராது. பிள்ளையின் வளர்ச்சி தடைபடலாம். குளூட்டனை வாழ்நாள் முழுதும் தவிர்ப்பதுதான் சிகிச்சை.

தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் போனாலே குடல் பாதிக்கப்படலாம். ஒரு துண்டு ரொட்டியில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். சிலருக்கு அறிகுறியே தெரியாது.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

* உயரம், எடை: பிள்ளை வயதுக்கேற்ப வளர்கிறதா என்று பார்ப்பார்கள்.

* ரத்தப் பரிசோதனை: குளூட்டனால் உருவாகும் எதிர்ப்பொருளின் அளவை அளப்பார்கள். அது குறைய மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். அதனால் அளவு கூடுதலாக இருந்தால், பிள்ளை திருட்டுத்தனமாகச் சாப்பிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அளவு சரியாக இருந்தாலும், எப்போதாவது சாப்பிட்டது அதில் தெரியாமல் போகலாம்.

* சிறுநீர், மலப் பரிசோதனை: அண்மை நாள்களில் குளூட்டன் உடலுக்குள் போனதா என்று காட்டும். எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்வதில்லை.

* உணவு நிபுணருடன் பேச்சு: என்ன சாப்பிட்டது, எங்கே சாப்பிட்டது என்று விவரமாகக் கேட்பார். மற்ற பரிசோதனைகளில் சிக்காதது இதில் தெரியவரலாம்.

எங்கே ஒளிந்திருக்கும்?

இட்லி பிரச்சினை இல்லை. ஆனால் சாம்பாரில் போடும் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலந்திருக்கலாம். ரவா தோசை, பார்லி மால்ட் பானம், பெரும்பாலான சோயா சாஸ் வகைகள் ஆகியவையும் கூடாது. பீஹூன் அரிசிதான், ஆனால் அதில் ஊற்றும் சாஸ்? மாவு தோய்த்த பலகாரம் பொரித்த எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும் ஆபத்துதான்.

"குளூட்டன் இல்லாதது" என்ற முத்திரைக்கு, அனைத்துலக உணவுத் தரப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குமேல் குளூட்டன் இருக்கக்கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

நண்பர்கள் பிறந்தநாள் கேக் வெட்டும்போது, தனியாக நிற்பது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம். திட்டினால் அடுத்த முறை மறைக்கும். "என்ன சாப்பிட்டே?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். உண்மை தெரிந்தால்தான் மருத்துவர் உதவ முடியும்.