சபுராளியா, அகதியா? சொல்லும் சட்டமும்



பாபநாசம், ராஜகிரி, பண்டாரவாடை பக்கம் வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவரைச் 'சபுராளி' என்போம். பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதில் மரியாதை இருக்கிறது. 1983க்குப் பின் கடல் கடந்து இங்கு வந்த இலங்கைத் தமிழரை 'அகதி' என்கிறோம். அதில் இரக்கம் உண்டு, உரிமை இல்லை. எந்தச் சொல்லால் ஒருவரின் கதையைச் சொல்கிறோமோ, அந்தச் சொல்லே அவரைப் பற்றிய தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் சட்டம் கதையைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவருடைய பெற்றோர் இலங்கைத் தமிழர். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஊர் அவரை அகதி என்றது. பிறந்த தேதியும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும் குடிமகள் என்றன.

அந்தச் சட்டத்தின்படி இந்தியாவில் பிறந்தவர்களின் நிலை (சிறு விலக்குகள் நீங்கலாக):

• 26.1.1950 முதல் 30.6.1987 வரை பிறந்தவர்: பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன்.
• 1.7.1987 அன்றோ அதற்குப் பின்னோ, 3.12.2004க்கு முன் பிறந்தவர்: தாய், தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும்.
• 3.12.2004 முதல் பிறந்தவர்: இருவரும் குடிமக்களாகவோ, ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளையும் ஆறு மதங்களையும் பெயர் சொல்லிக் குறித்தது. முஸ்லிம்களும் இலங்கைத் தமிழரும் அந்த வரியில் இல்லை. ஒரு வரியில் விடுபட்ட சொல் எத்தனை குடும்பங்களைத் தொடுகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

சபுராளிக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 3.12.2004 முதல் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை பெற, ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவை. 'அத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட்தானே' என்று இருந்துவிடக் கூடாது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடனுக்கே எழுத்து வேண்டுமென்றால், பிள்ளையின் பிறப்புக்கு வேண்டாமா? பாட்டனார் கப்பலேறிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றையும் பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். பெயரின் எழுத்து எல்லா ஆவணத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.