எழுத்து போனதா, எழுத்துரு போனதா?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தாம், தாப் என்ற குறியீடுகளை முன்வைத்தது. அவற்றில் தமிழ் எழுத்து ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் திரையில் வெறும் கிறுக்கல்தான்.

2005இல் வந்த மேக் டைகர் (10.4), முத்து நெடுமாறனின் இணைமதி என்ற யுனிகோடு ஃபாண்டையும், அஞ்சல், தமிழ் 99 விசைப்பலகைகளையும் கூடவே கொண்டுவந்தது. நல்ல காலம்தான். ஆனால் அதற்கு முன் தட்டி வைத்தவை?

பாகலூர் நண்பர் ஒருவர் தம் அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பைப் பழைய ஃபாண்டில் தட்டி வைத்திருந்தார். லயனுக்கு (10.7) மாறியபின் ஏதோ தகராறு, யாரோ சொன்னார்கள் என்று புதிய பயனர் கணக்கு தொடங்கி, ஃபைல்களை அதற்கு மாற்றினார். தமிழைக் காணோம். அப்பாவே இரண்டாம் முறை போய்விட்டது போல உட்கார்ந்துவிட்டார்.

ஃபைல் பத்திரமாகத்தான் இருந்தது. ஃபாண்ட் மட்டும் பழைய கணக்கின் ஹோம் ஃபோல்டரில், லைப்ரரிக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில் கிடந்தது. அங்கே உள்ளது அந்தக் கணக்குக்கு மட்டுமே தெரியும். போதாததற்கு, 2011இல் வந்த லயன் அந்த லைப்ரரியையே மறைத்துவிட்டது! ஆப்பிளின் இந்த ஒளிவுமறைவு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

பழைய கணக்கில் நுழையுங்கள். ஃபைண்டரில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி 'கோ' மெனுவைத் திறந்தால் லைப்ரரி தெரியும். ஃபாண்டை நகலெடுத்து வையுங்கள். எழுத்து தெரிந்ததும் முதல் வேலையாக யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதை ஒருமுறை வரிவரியாகப் படித்தும் பார்த்துவிடுங்கள்.