மாரத்தான் பாதையில் ஓர் அஞ்சலோட்டம்

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகருக்கு வடகிழக்கே உள்ள ஒரு கடலோரச் சமவெளியின் பெயர். பெருஞ்சீரகச் செடி மிகுதியாக வளர்ந்த நிலமாதலால் அப்பெயர் பெற்றது என்பர். பெருஞ்சீரகத்திற்குச் சோம்பு என்றும் தமிழில் பெயருண்டு. மனித உடலை மிகக் கடுமையாகச் சோதிக்கும் ஓட்டங்களுள் ஒன்றுக்குச் சோம்பு விளைந்த மண்ணின் பெயர் வாய்த்திருப்பது, தமிழறிந்த நமக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வேடிக்கை.

அந்த ஓட்டம் தொடக்கத்தில் விளையாட்டன்று. செய்தி கொண்டு செல்லும் கடமை. கி.மு. 490இல் மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படை தோற்றது. வெற்றிச் செய்தியைச் சுமந்து ஏதென்ஸ் வரை ஓடிய ஒரு வீரன், செய்தியைச் சொல்லிவிட்டு அங்கேயே உயிர் நீத்தான் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அக்காலத்திற்கு நெருங்கிய வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸ் கூறுவதோ வேறு. போருக்கு முன்னர், உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஒரு தூதன் ஓடினான் என்பதே அவர் தரும் குறிப்பு. மாரத்தானிலிருந்து ஓடி வந்து மாண்ட வீரனின் கதை, பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த புளூட்டார்க், லூசியன் ஆகியோரின் எழுத்துகளில்தான் தலைகாட்டுகிறது. எந்தக் கதையை ஏற்றாலும் ஓடியவன் ஒரு செய்தியாளன் என்பதில் ஐயமில்லை.

நவீன மாரத்தானோ ஒரு விந்தையான நிலையில் பிறந்தது. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இவ்வோட்டம் நடைபெற்றபோது, அரங்கில் காத்திருந்த பெருங்கூட்டத்திற்கு வழியில் நடப்பது எதுவும் தெரியவில்லை. மிதிவண்டியில் வந்த ஒருவர், ஆஸ்திரேலியரான எட்வின் ஃபிளாக் முன்னிலையில் இருப்பதாகச் சொன்னதும் அரங்கம் சோர்ந்தது. சிறிது நேரத்தில் குதிரையில் விரைந்து வந்த அதிகாரி, ஒரு கிரேக்கர் முந்திவிட்டார் என்றதும் ஆரவாரம் எழுந்தது. ஸ்பைரிடான் லூயிஸ் வென்றார். செய்தி கொண்டு ஓடியவனின் நினைவாக நடந்த ஓட்டத்தின் செய்தியைச் சொல்ல வேறு ஆள்கள் தேவைப்பட்டார்கள்!

ஒரு திடலுக்குள் நடக்கும் போட்டியை ஓரிடத்தில் அமர்ந்தே காணலாம். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை அவ்வாறு காண இயலாது. இக்குறை எவ்வளவு பெரிது என்பதை 1980ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் உலகறியக் காட்டியது. ரோஸி ரூயிஸ் என்ற பெண் முடிவெல்லைக்குச் சற்று முன்னர் ஓட்டத்தில் நுழைந்து, மகளிர் பிரிவின் வெற்றியாளராக முடிசூட்டப்பட்டார். உண்மையில் வென்றவர் கனடாவின் ஜாக்குலின் கரோ என்பது சில நாள்கள் கழித்தே அறிவிக்கப்பட்டது. அங்கே களவு போனது ஒரு பட்டம். வழியில் ஒருவர் மயங்கி விழுந்து, அதுவும் தெரியாமற்போனால் இழப்பது உயிராகிவிடும்.

இந்த இடத்தில்தான் அமெச்சூர் வானொலியாளர்கள் வருகிறார்கள். ‘ஹாம்’ என்று செல்லமாக அழைக்கப்படும் இவர்கள், தேர்வெழுதி அரசு உரிமம் பெற்று, சொந்தக் கருவிகளால் வானலையில் பேசுபவர்கள். ஊதியத்திற்காக இதைச் செய்ய அமெரிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே, ஓட்டப் பாதையில் நிற்கும் ஹாம்கள் சொந்தச் செலவில் வாங்கிய கருவியோடு வரும் தன்னார்வலர்கள்.

இவர்களின் வரலாற்றிலும் ஓர் ஓட்டம் ஒளிந்திருக்கிறது. 1914இல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வாழ்ந்த ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற பொறியியலாளர், மாசசூசெட்சின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒருவருக்குச் செய்தி அனுப்ப விரும்பினார். அவர் கருவியின் அலை அவ்வளவு தொலைவு எட்டவில்லை. இடையில் இருந்த வின்ட்சர் லாக்ஸ் ஊரில் மற்றோர் ஆர்வலர் செய்தியை வாங்கி அப்பால் அனுப்பி உதவினார். ஒருவரால் இயலாததை இருவர் கைமாற்றிச் செய்யலாம் என்னும் அந்த எண்ணத்திலிருந்தே ‘அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்’ அதே ஆண்டில் பிறந்தது. ‘ரிலே’ என்ற சொல்லுக்கு நம் பள்ளித் திடலில் நாம் வழங்கும் சொல் ‘அஞ்சல்’. அஞ்சலோட்டத்தில் குறுந்தடி கைமாறுகிறது. இங்கே சொல் கைமாறுகிறது.

பாஸ்டன் மாரத்தான் 1897இல் தொடங்கிய பழம்பெரும் ஓட்டம். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை, தேசப்பற்றாளர் நாளன்று நடைபெறுவது. ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் புறப்பட்டு ஆஷ்லாந்து, ஃபிரேமிங்ஹாம், நேட்டிக், வெல்லஸ்லி, நியூட்டன், புரூக்லைன் ஆகிய ஊர்களைக் கடந்து பாஸ்டன் நகரின் பாயில்ஸ்டன் தெருவில் முடிகிறது. எட்டு ஊர்கள் என்றால் எட்டுக் காவல் துறைகள், எட்டுத் தீயணைப்புத் துறைகள். அவரவர்க்கு அவரவர் வானொலி. இவற்றினூடே ஒரே குரலாக முழுப் பாதையையும் இணைப்பதற்குத்தான் திட்டம் தீட்ட வேண்டியிருக்கிறது.

அத்திட்டத்தின் முதல் எதிரி நிலம். ஹாப்கின்டன் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. முடிவெல்லையோ கடலுக்கு அருகே. இடையில் நியூட்டன் குன்றுகள். ஓடுபவர்களின் மனத்தை உடைப்பதாகப் பெயர் பெற்ற மேடு 33ஆவது கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. ஹாம்கள் பெரிதும் பயன்படுத்தும் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குன்றைக் கண்டால் தயங்கும். கையடக்கக் கருவியின் ஆற்றலோ பெரும்பாலும் 5 வாட் அளவே. எனவே உயரமான இடத்தில் ரிப்பீட்டர் என்னும் நிலையம் தேவை. அது ஓர் அலைவரிசையில் கேட்டதை, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வேறோர் அலைவரிசையில் உடனுக்குடன் உரக்கச் சொல்லும். இத்துணை நீண்ட பாதைக்கு ஒரே ரிப்பீட்டரை நம்பியிருப்பதும் அறிவுடைமையாகாது. பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை, அது பழுதானால் மாற்று அலைவரிசை, அதுவும் போனால் ரிப்பீட்டரே இல்லாமல் நேருக்கு நேர் பேசும் வழி, உபரி மின்கலங்கள் என அடுக்கடுக்காக ஏற்பாடு செய்வதே இவர்களின் மரபு.

இரண்டாம் எதிரி மனிதரின் வாய். ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் வீண். ஆகவே ஒவ்வொரு வலையிலும் ‘நெட் கன்ட்ரோல்’ எனப்படும் ஒருவர் தலைமை ஏற்கிறார். அவர் அழைத்த பிறகே மற்றவர் பேசுவர். ஆள் பெயருக்குப் பதிலாக, நிற்கும் இடத்தின் பெயரே அழைக்கும் பெயராகிறது. ஆள் மாறினாலும் இடம் மாறாதல்லவா? ஆயினும் சட்டப்படி பத்து நிமிடத்திற்கு ஒரு முறையேனும், பேசி முடிக்கும்போதும், தத்தம் உரிமக் குறியெண்ணைச் சொல்ல வேண்டும். செய்தியை மறைமொழியில் அனுப்பவும் அனுமதி இல்லை, யாரும் கேட்கலாம். அதனால் நோயுற்ற ஓட்டக்காரரின் பெயரை வானில் விடாமல் மார்பு எண்ணை மட்டும் சொல்வது நல்ல வழக்கம். சுருங்கச் சொல்லுதலும், கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தலும் இங்கே பண்பாக மட்டும் நின்றுவிடாமல் பாதுகாப்பாகவும் ஆகின்றன.

பெரும்பாலான ஆண்டுகளில் இவர்கள் பரிமாறுவன மிக எளிய செய்திகள்: ஓட்டத்தைக் கைவிட்டவர்களை ஏற்ற ஒரு பேருந்து வேண்டும், பனிக்கட்டி தீர்ந்தது, போர்வை வேண்டும். 2012இல் வெயில் 30 பாகை செல்சியசை எட்டிப் பலரை வீழ்த்தியது. 2018இல் குளிரும் மழையும் எதிர்க்காற்றும் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்டோரை மருத்துவ உதவி நாட வைத்தன. இரண்டு நாள்களிலும் கேட்கப்பட்ட பொருள் வேறாக இருந்தாலும், கேட்ட முறை ஒன்றே.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஐ உலகம் மறக்கவில்லை. அன்றும் 200க்கும் மேற்பட்ட ஹாம்கள் புறப்பாட்டிலும், வழியெங்கும் மருத்துவ நிலையங்களிலும், பேருந்துகளிலும், முடிவெல்லையிலும் நின்றிருந்தனர். பிற்பகல் மணி 2.49க்கு, பாயில்ஸ்டன் தெருவில், ஏறத்தாழ 190 மீட்டர் இடைவெளியில் சில வினாடிகளுக்குள் இரு குண்டுகள் வெடித்தன. எட்டு வயதுச் சிறுவன் உட்பட மூவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். நீரிழப்புக்கும் தசைப்பிடிப்புக்கும் ஆயத்தமாக இருந்த மருத்துவக் கூடாரம் நொடியில் போர்க்கள மருத்துவமனையாயிற்று.

அதே வேளையில் 5,000க்கும் மேற்பட்டோர் இன்னும் பாதையில் ஓடிக்கொண்டிருந்தனர். அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். வியர்வையில் நனைந்த உடை, குளிர் காற்று, கையில் பணமோ மாற்றுடையோ இல்லை. முடிவெல்லையில் காத்திருந்த குடும்பத்தார் நிலையும் தெரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அழைக்க முனைந்ததால் கைப்பேசித் தொடர்பு திணறிப் போனது. அதிகாரிகளே அதைத் துண்டித்தார்கள் என்று பரவிய செய்தியைக் கைப்பேசி நிறுவனங்கள் மறுத்தன. நெரிசலே காரணம். வானொலி வலைகளோ தொடர்ந்து இயங்கின. ஹாம்கள் தத்தம் நிலையங்களில் நின்று, நிறுத்தப்பட்டவர்கள் எங்கே, அவர்களுக்கு என்ன தேவை என்பனவற்றைக் கைமாற்றிக்கொண்டிருந்தனர்.

அவர்களை மிகைப்படுத்திப் போற்றுவது முறையன்று. உயிர் காத்தவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் காவலர்களும், பயந்து ஓடாமல் கைகொடுத்த பொதுமக்களுமே. அன்று மருத்துவமனை சென்று சேர்ந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை என்பது அவர்களின் ஆயத்தத்திற்குக் கிடைத்த பெருஞ்சான்று. ஹாம்கள் செய்தது அடக்கமான பணி. ஆனால் அப்பணியை அன்று பிற்பகலில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பனிக்கட்டி கேட்டுப் பழகிய அதே வலையில்தான் பேரிடர்ச் செய்தியும் சென்றது.

“கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு, ஐயா?” என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கைப்பேசியில் ஒருவர் ஒருவரோடு பேசுகிறார். வலையில் ஒருவர் பேச அனைவரும் கேட்கின்றனர். கைப்பேசிக்கு அப்பால் பெரிய கட்டமைப்பு இருக்கிறது. கூட்டம் மிகுந்தால் அது திணறும். இவை கருவி பற்றிய விடைகள். இவற்றினும் முதன்மையான விடை ஒன்றுண்டு. மாற்று வழி என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. ஆண்டுதோறும் புழங்கினால்தான் அது வழியாக இருக்கும். புழங்காவிட்டால் புல் முளைத்துவிடும். எந்த இடரும் இல்லாத நாளில், ஊதியம் இல்லாமல், யாரும் கைதட்டாமல் அவ்வழியில் நடந்து பார்க்கச் சிலர் வேண்டும்.

நம் நாட்டிலும் 9எம், 9டபிள்யூ எனத் தொடங்கும் குறியெண்களோடு உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை ஏதேனும் நெடுந்தொலைவோட்டத்தைக் காணச் சென்றால், ஓடுபவர்களைப் பார்த்த பிறகு சாலையோரத்தையும் சற்று நோக்குங்கள். காதில் கருவியை வைத்து ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருக்கலாம். பழைய மாரத்தான் தூதனின் வேலையை, ஓடாமல் நின்றபடியே, இன்று செய்பவர் அவர்.